கம்பத்துக்காரரும் ஓய்வுநாள் கயிறும்

என் அண்ணன் எல்வுட் ஷ்மோயரை அடக்கம் செய்த அன்று எதிர்ப்பக்கத்து யூத ஜெப ஆலயத்துக்காரர்கள் திரளாக வந்து எங்கள் தேவாலயப் புல்வெளியில் நின்றார்கள். உள்ளே ஒருவரும் வரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக நனைந்துகொண்டே நின்றார்கள். நடுவில் சக்கர நாற்காலியில் ஃப்ரூமா ஸில்பர். மடியில் குடை இருந்தும் அவள் அதை விரிக்கவில்லை.

பாட்டு முடிந்து ஜெபம் தொடங்குவதற்குள் எங்கள் சித்தி மகன் என் காதில் குனிந்தான்.

"என்னக்கா இது? இவ்வளவு தூரம் வந்துட்டு வாசப்படி தாண்ட மாட்டேங்கறாங்க? நம்ம கோயிலுக்குள்ள கால வச்சா தீட்டாயிடுமாமா?"

"வாயை மூடிட்டு ஜெபத்தக் கவனி. உள்ள வர அவங்க சட்டம் விடாது. அவங்க நிக்கற இடம் எல்வுட் போட்டுக் குடுத்த வாசல். உனக்கு அதெல்லாம் புரியாது."

அவனுக்கு மட்டுமல்ல, அன்று உள்ளே உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்குப் புரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்து எனக்குத் தொழிலில்லை. தேவாலயச் சமையலறையில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவள் நான். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்காவிட்டாலும் எனக்கொன்றும் இல்லை.

எல்வுட் மின்சாரக் கம்பெனியில் லைன்மேனாக இருந்தான். மீசை முளைத்த வயதில் கம்பம் ஏறியவன், தலை வழுக்கையாகும்வரை இறங்கவில்லை. பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்துப் பனிப்புயல் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு அவன் வேலையும் தெரியும். அண்ணி வெர்னா போன பிறகு அவனும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் அவனைப் பார்த்துக்கொள்ள வந்தேனா, அவன் என்னைப் பார்த்துக்கொண்டானா என்று கடைசிவரை எங்களுக்குள் சண்டைதான். பேச்சு அவனுக்கு வராது. கூட்டம் என்றால் வேப்பங்காய். ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவான். தூங்கவில்லை, கண்ணை மூடிக் கேட்கிறேன் என்பான்.

எங்கள் லூத்தரன் தேவாலயமும் அவர்கள் ஜெப ஆலயமும் வால்நட் தெருவின் இரண்டு பக்கங்களில் எதிரெதிரே இருக்கின்றன. நிலக்கரி போய், ஆலை மூடி, இரண்டு பக்கமும் ஆள் குறைந்த பிறகுதான் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தோம் என்று நினைக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை நட்புக் கூட்டம் போடுவார்கள். எங்கள் போதகர் பேசுவார், அவர்கள் குருவான ரபி பேசுவார், எல்லோரும் கை தட்டுவோம், வீட்டுக்குப் போவோம். ஒரு வருஷம் நான் ராத்தூக்கம் கெட்டு ஆப்பிள் வைத்துச் சுடும் பை பலகாரம் செய்துகொண்டு போனேன். ஒருவர் தொடவில்லை. மாவில் பன்றிக்கொழுப்பு போட்டிருக்கிறதாம். பன்றிக்கொழுப்பு போடாத மாவும் ஒரு மாவா? மறுவருஷம் வெண்ணெய் போட்டுச் செய்தேன். அதையும் தொடவில்லை. பன்றி வெந்த அடுப்பே ஆகாதாம்! அன்றிலிருந்து எனக்கு அவர்கள்மேல் ஒரு கடுப்பு இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ரபி பின்ஹாஸ் வந்தார். சின்ன வயசு, பெரிய தாடி. ஒருநாள் எங்கள் சபைக் கமிட்டியில் வந்து உட்கார்ந்து, புல்வெளி மூலையில் இரண்டு கம்பம் நட்டு ஒரு கயிறு கட்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்றார்.

"எதுக்கு? துணி காயப் போடவா?" என்றார் பொருளாளர் ஹெர்ப்.

ரபி கோபப்படவில்லை. "வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதுலேர்ந்து சனிக்கிழமை இருட்டற வரைக்கும் எங்களுக்கு ஓய்வுநாள். அன்னைக்கு வீட்டுக்குள்ள இருக்கறதத் தெருவுக்குக் கொண்டுபோகக் கூடாது. கைக்குழந்தையத் தூக்கிட்டுப் போகக் கூடாது, நாற்காலி தள்ளக் கூடாது. ஆனா சுத்துவட்டாரம் முழுக்க வாசல் வச்சு அடைச்சிட்டா அத்தனையும் ஒரே வீடு. ரெண்டு கம்பம் நிலைக்கால், மேல ஓடற கயிறு உத்தரம். அவ்வளவுதான் வாசல். மத்த பக்கமெல்லாம் ஆத்தங்கரை மதிலும் மின்கம்பமும் இருக்கு. உங்க மூலையில மட்டும்தான் இடைவெளி. இன்னொன்னு, அந்த வட்டத்துக்குள்ள குடியிருக்கற நீங்களும் சம்மதிக்கணும். நீங்க மாட்டேன்னா அது வீடாகாது."

"அப்போ நாங்கல்லாம் உங்க வீட்ல குடித்தனமா?"

"இல்லீங்க. நாம எல்லாரும் ஒரே வீட்ல இருக்கோம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து ஒரு நாள் மட்டும்."

ஹெர்ப்புக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டவில்லை. இன்றைக்குப் புல்வெளி, நாளைக்கு மணிக்கூண்டு என்று முணுமுணுத்தார். அப்போது ரபி ஃப்ரூமாவைப் பற்றிச் சொன்னார்.

ஃப்ரூமாவை எங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைத்தெருவில் பொத்தான், நூல் விற்றவள். ஒரு பொத்தான் தொலைத்துவிட்டுப் போனால், மீதிப் பொத்தான்களைப் பிடித்திருக்கும் தையலைப் பார்த்து, "தைச்சது யாரு, குருடனா?" என்று கேட்பாள். பக்கவாதம் வந்து கால்கள் இரண்டும் போய்விட்டன. கடையை விற்றாள். கணவர் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று வருஷமாக ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்கு வரவில்லை, நாற்காலியை யாரும் தள்ளக் கூடாதே. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, தெருவில் நடந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

கடைசி நாற்காலியில் கண்ணை மூடியிருந்த எல்வுட் வாய் திறந்தான்.

"கயிறு என்ன கனம்?"

அதன் பிறகு ஹெர்ப்பும் தலையை ஆட்டிவிட்டார். மறுநாள் எல்வுட் ஃப்ரூமா வீட்டுக்குப் போனான். தனியாகப் போகக் கூச்சம், என்னையும் இழுத்துக்கொண்டு போனான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கம்பம் நடறேன், அதுல ஒண்ணுமில்ல. ஆனா அதெல்லாம் எதுக்கு? நான் ஷ்மோயர், லூத்தரன். எனக்கு என்ன தடை? சனிக்கிழமை நான் வந்து தள்ளிட்டுப் போறேனே."

ஃப்ரூமா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உக்காருங்க கம்பத்துக்காரரே. எங்கப்பா காலத்துல, பழைய ஊர்ல, ஓய்வுநாள் குளிருக்கு அடுப்பு பத்தவைக்க ஒரு ஆள் வருவான். உங்க மதத்துக்காரன்தான். பத்தவச்சிட்டு நிப்பான். ஒரு துண்டு ரொட்டி குடுப்போம், போயிடுவான். எத்தனையோ வருஷம் வந்தான். அவன் பேரு என்னன்னு எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. நான் கேட்டதும் இல்ல. இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. உங்கள அந்த ஆளா ஆக்கமாட்டேன். கம்பம் நடறதுன்னா நடுங்க. இல்லன்னா எனக்கு ஜன்னல் இருக்கு."

திரும்பி வரும் வழியில், "என்ன திமிரு பாத்தியா?" என்று நான் சொன்னதற்கு, "திமிரு இல்ல" என்றான். 

அந்த வாரமே கம்பம் நட்டான். நான் தேவாலயச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ரபி கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து கத்தினார்.

"மேல போகணும் ஐயா! பக்கத்துல இல்ல, தலைமேல!"

"நாப்பது வருஷமா கம்பி கட்டறவன் நான். விலாவுல கொக்கி போட்டு இழுத்துக் கட்டினாத்தான் காத்துக்கு நிக்கும்."

"நிக்கும், ஆனா வாசலாகாது. உத்தரம் நிலைக்கால் தலைமேலதானே உக்காரும்? விலாவுல ஒட்டிக்கிட்டா உக்காரும்?"

எல்வுட் ஏணியில் நின்றபடியே திரும்பி எங்கள் தேவாலய வாசலை ரொம்ப நேரம் பார்த்தான். "சரிதான்" என்று சொல்லிக் கொக்கியைக் கழற்றிக் கீழே போட்டான்.

முதல் ஓய்வுநாளில் ஃப்ரூமாவை அவள் மகன் ஆஷெர் தள்ளிக்கொண்டு வந்தான். எல்வுட் ஒரு வேலையும் இல்லாமல் கம்பத்தடியில் நின்று அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலி அவனுக்கு நேரே வந்ததும் ஃப்ரூமா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். "கம்பத்துக்காரரே, உங்க வாசல் நல்லாயிருக்கு" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சரியாகத் தெரியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் கயிறும் கம்பியும் அறுபடாமல் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு வட்டாரம் முழுக்க நடந்தான். சில நாள் ரபியும் கூட நடப்பார். என்ன பேசுவார்கள் என்று கேட்டால், "ஒண்ணும் பேசமாட்டோம்" என்பான். எங்கள் தேவாலயத்தைச் சூடாக்கும் கொதிகலன் கெட்டுப்போன மாசம் ஜெப ஆலயத்திலிருந்து கேட்காமலே ஹீட்டர்கள் வந்து இறங்கின. அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் நான் பழுத்த ஆப்பிளாகப் பொறுக்கி, என் கத்திகூடப் படாமல், கூடையோடு கொண்டுபோய் வைத்தேன். அதைத் தின்றார்கள். நட்புக் கூட்டத்தில் பேசிப் பேசித் தீராததைக் கயிறு பேசாமல் செய்தது. இதில் பாதிப் பெருமை என் ஆப்பிளுக்கும் உண்டு.

அடுத்த குளிர்காலத்தில் ஆஷெருக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின ஓய்வுநாளில் மாப்பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு வேதம் படிக்க வைப்பார்கள். படித்து முடித்ததும் எல்லோரும் அவன்மேல் மிட்டாய் எறிவார்கள். ஒரே மகன், தகப்பன் இல்லாதவன். ஃப்ரூமாவுக்கு ஒரு மாசமாக அதே பேச்சு. "முதல் மிட்டாய் என்னுது. குறி தப்பாது, நெத்தியிலதான்" என்று எல்வுடிடம் சொல்லியிருந்தாள். நீல நிறத்தில் புதுத் தொப்பி வாங்கியிருந்தாள். இருபத்தைந்து வருஷமாகப் புதுத் தொப்பி வாங்காதவள்.

அந்த வெள்ளிக்கிழமைதானா பனிமழை பெய்ய வேண்டும்! மதியத்திலிருந்து பிடித்துக்கொண்டது. மரக்கிளைகள் ஒவ்வொன்றாக முறிந்து விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பொழுது சாயக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ரபி போன் செய்தார். அவருடைய கார் நகரவில்லை, அந்த மழையில் நடக்கவும் வழியில்லை.

"ஐயா, கயிறு நிக்குதா?"

எல்வுட் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். எங்கள் மூலையில் கயிறு அறுந்து தரையில் கிடந்தது. கை விறைத்துப்போக, மழையில் நனைந்து, வெளிச்சம் போவதற்குள் ஏறிக் கட்டிவிட்டு ஓடிவந்து போனை எடுத்தான்.

"நிக்குது ரபி."

"கடவுள் உங்கள ஆசீர்வதிக்கட்டும்" என்று ரபி சொன்னது எனக்கே கேட்டது.

மறுநாள் காலை காப்பிக் கோப்பையோடு வீட்டுச் சமையலறையில் நின்றிருந்தான். வெளியே எல்லாம் பளபளவென்று உறைந்து கிடந்தது. அவன் கண் தற்செயலாகப் பின்கதவின் மேல் போனது. உத்தரத்தைப் பார்த்தான். நிலைக்காலைப் பார்த்தான். கோப்பையை மேஜைமேல் வைத்தான். 

"ஆர்லீன், நான் விலாவுல கட்டிட்டேன்."

"என்னத்த?"

"கயித்த. அவசரத்துல கை பழக்கப்படி கொக்கி போட்டு விலாவுல இழுத்துக் கட்டிட்டேன். தலைமேல இல்ல. அது வாசல் இல்ல."

 என் வாய் சும்மா இருக்குமா?

"அதுக்கென்ன இப்போ? போய் மாத்திக் கட்டு. யாரு பாக்கப் போறாங்க?"

"பொழுது சாயறப்ப சரியா நின்னிருக்கணும். இப்ப மாத்தினா இந்த ஓய்வுநாளுக்குச் செல்லாது. ரபி சொல்லியிருக்காரு."

"அப்போ பேசாம இரு! அண்ணே, நான் சொல்றதக் கேளு. அது ஒரு கயிறு. ஒரு முழம் இந்தப் பக்கம், ஒரு முழம் அந்தப் பக்கம். கடவுள் என்ன அளவுகோல் வச்சுக்கிட்டா உக்காந்திருக்காரு? அந்தப் பொம்பள புதுத் தொப்பி போட்டுக்கிட்டுக் காத்திருக்கா. போகட்டும், புள்ளையப் பாக்கட்டும், மிட்டாய் எறியட்டும். நாளைக்குப் போய் மாத்திக் கட்டு. தெரியாம செஞ்சது யாருக்கும் பாவமில்ல. நீ வாயத் தொறந்தா அவ மறுபடி ஜன்னல்லதான்!"

அவன் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நிக்குதான்னு என்கிட்ட கேட்டாங்க ஆர்லீன். அவங்க ஆளுங்களக் கேக்கல, என்னைக் கேட்டாங்க. நான் நிக்குதுன்னேன். அத நம்பித்தான் இப்போ ஊரே கைக்குழந்தையத் தூக்கிட்டுக் கிளம்பப் போகுது. உனக்கு அது கயிறு. எனக்கும் கயிறுதான். அவங்களுக்கு இல்லையே."

"அவ உன்னை மன்னிக்கவே மாட்டா."

"மாட்டாங்க" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குத் திட்ட மனம் வரவில்லை. நானும் பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். வழுக்கி விழுந்தால் தூக்க ஒரு ஆள் வேண்டாமா?

ரபி கதவைத் திறந்தார். எல்வுட் வாசலிலேயே நின்று சொல்லி முடித்தான். ரபி ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு ஒரு பழிச்சொல் இல்லாமல், தம் மனைவியை ஒரு பக்க வீடுகளுக்கு அனுப்பினார். மறுபக்கத்துக்குத் தாமே போனார். யாரும் எதையும் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டாம் என்று கதவு கதவாகச் சொன்னார்கள். குழந்தைக்காரிகள் வீட்டிலேயே தங்கினார்கள். கடைசியில் ஃப்ரூமா வீடு. நாங்களும் கூடப் போனோம்.

அவள் நீலத் தொப்பியோடு நாற்காலியில் தயாராக இருந்தாள். ஆஷெர் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரபி சொன்னார். ஆஷெரின் கைகள் மெல்ல விலகின.

ஃப்ரூமா எல்வுடைப் பார்த்தாள்.

"நீங்க வந்து சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாதும்மா."

"ரபிக்கு?"

"அவருக்கும் தெரியாது. நாளைக்கு நானே மாத்திக் கட்டியிருப்பேன். யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

 எல்வுட் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே நின்றான். பூட்ஸிலிருந்து பனி உருகி அவள் தரையில் ஓடியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஷெர், நீ போ. நேரமாச்சு. நான் ஜன்னல்ல இருக்கேன்" என்றாள்.

ஆஷெர் நகரவில்லை. அவ்வளவு பெரிய ஆண்பிள்ளை, அழுதுகொண்டு நின்றான். ரபி சுவர்ப்பக்கம் திரும்பி, சுவரிடம் பேசுவதுபோலச் சொன்னார்: "நம்மளக் கட்டற சட்டம் நம்மாளு இல்லாதவரக் கட்டாது. அவரா மனசார செஞ்சா, இந்த மாதிரி நாளுக்கு அதுல தப்பில்ல. நான் யாரையும் கேக்கல."

எல்வுட் அப்போதும் அசையவில்லை. ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்ட வீட்டில் இரண்டாவது முறை கேட்கிறவன் இல்லை அவன். எனக்கோ அவனைப் பிடித்துத் தள்ளலாமா என்றிருந்தது.  

"எல்வுட்" என்றாள் ஃப்ரூமா.

அத்தனை நாளும் கம்பத்துக்காரர்தான். அவள் வாயிலிருந்து அவன் பெயர் வந்து நான் கேட்டதே இல்லை.

"எல்வுட், வெளியே ஐஸ் கெடக்கு. பாத்துத் தள்ளுங்க."

அவன் தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தான். நான் முன்னால் போய்ப் பனியை மிதித்து நொறுக்கி வழி செய்தேன். ஆஷெர் பக்கத்தில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். எங்கள் புல்வெளி மூலைக்கு வந்தபோது எல்வுட் நிமிர்ந்து, விலாவில் கட்டியிருந்த தன் கயிற்றைப் பார்த்தான். ஃப்ரூமாவும் பார்த்தாள். "நல்ல முடிச்சுதான்" என்றாள். 

ஜெப ஆலயத்தில் முதல் மிட்டாய் ஆஷெரின் நெற்றியில் பட்டது. இரண்டாவது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்வுடின் வழுக்கையில் பட்டது. எறிந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு கயிற்றைத் தலைமேல் ஏற்றிக் கட்டினான். அதன் பிறகு ஏழெட்டு வருஷம் அதைக் காத்தான். ஏணி ஏற முடியாமல் போனதும் கீழே நின்று, ஏறுகிறவரைத் திட்டினான். போன மாசம் தூக்கத்திலேயே போய்விட்டான்.

அடக்கத்தன்று பெட்டியைத் தேவாலய வாசல் வழியே வெளியே கொண்டுவந்தோம். பின்புறக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதை அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே போகிறது. புல்வெளியில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பெட்டி கடந்ததும் ஆஷெர் தன் தாயின் நாற்காலியைத் தள்ளக் குனிந்தான்.

ஃப்ரூமா கையைத் தூக்கி அவனை நிறுத்தினாள். அன்று புதன்கிழமை. ஒரு சட்டமும் யாரையும் தடுக்காத நாள். பெற்ற மகன் பக்கத்திலேயே இருக்கிறான்.

"ஆர்லீன்" என்றாள் என்னைப் பார்த்து. "நீ தள்ளு."

என் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை ஆஷெரிடம் கொடுத்துவிட்டு நான் தள்ளினேன்.